அரைவாசி கழுவிய கன்சில்

அன்பு குணா மச்சானுக்கு,

உட்கார்ந்து எழுதுகிறேன் என்று சொல்ல ஆசைதான். பாதி நடந்துகொண்டுதான் எழுதுகிறேன். ஒரு வரி எழுதியதும் பசை காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் போகிறேன். காய்ந்திருக்கிறது. திரும்பி வந்து அடுத்த வரி. நீ போனதிலிருந்து எனக்கு எந்த நாற்காலியும் ஒத்துவரவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை உன் முதலாம் ஆண்டுத் திதி. சிம்பாங் அம்பாட் வீட்டில் உன் மனைவி ராஜேஸ்வரி அக்கா உனக்குப் பிடித்ததையெல்லாம் படையலில் வைக்கப் போகிறார். ஆட்டுப் பிரட்டல், நண்டு, கறுப்பு பீர், சிகரெட். எதையெல்லாம் தொடாதே என்று டாக்டர் உனக்குச் சொன்னாரோ, அதெல்லாம் வருகிறது. அவற்றோடு உன் கன்சிலும் இருக்க வேண்டும் என்பது அக்காவின் விருப்பம். நிஜக் கார் அல்ல, அது வாசலில் நிற்கிறது. நீ பாதியில் விட்டுப்போன குட்டிக் கார்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். நீ வாரம் முழுவதும் தொழிற்சாலை பஸ் ஓட்டினாய். நான் காப்புறுதிக் கம்பெனிக்காக மோதிய கார்களைப் பார்த்து, எது எவ்வளவு நசுங்கியது என்று எழுதிக் கொடுத்தேன். ஐம்பதைத் தாண்டியதும், இந்தக் கார்களை மறந்து வேறு ஏதாவது செய்வோம் என்று யோசித்தோம். நன்றாக யோசித்து, மாடல் கார் செய்யத் தொடங்கினோம்.

கன்சிலே சின்னக் கார். அதை இருபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருக்கினால் ஒரு சாண் கூட வராது. அதற்குள் ஸ்டீயரிங், கியர், கண்ணாடியில் தொங்கும் பிள்ளையார் எல்லாம் இருக்க வேண்டும். அந்தக் காருக்கு எந்த நாட்டிலும் மாடல் பெட்டி விற்றதாக நாம் கேள்விப்பட்டதில்லை. நீ பிளாஸ்டிக் தகட்டை வெட்டி, தேய்த்து, கதவு கதவாக நிஜக் காரை அளந்து செய்தாய்.

ஆனால் நம் பெருமை காரில் இல்லை, அழுக்கில் இருந்தது. ஷோரூம் கார் செய்கிறவன் சின்னப் பிள்ளை, ஓடிய காரைச் செய்கிறவன்தான் ஆள் என்பாய். சக்கர வளைவில் சேறு. பின் கண்ணாடியில் வைப்பர் துடைத்த அரை வட்டம் போக மிச்சமெல்லாம் தூசி. அதற்காகத் தோட்டத்துச் செம்மண் சாலையில் பஸ்ஸை நிறுத்தி மண் அள்ளினாய். அக்காவின் தேநீர் வடிகட்டியில் சலித்துத் தூரிகையால் ஒற்றினாய். மேலே வார்னிஷ் அடித்தால் நிற்கும், ஆனால் மண் செத்துவிடும் என்று மறுத்தாய். மலாக்காவில் ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோனோம். நடுவர் நீ செய்த குட்டி டாக்சியைப் பார்த்து, "கொண்டு வரும்போது கீழ விழுந்துருச்சா?" என்று கேட்டார். அதையே முதல் பரிசாக எடுத்துக்கொண்டாய்.

ஆஸ்பத்திரியிலும் அதே பேச்சுதான். வீட்டைப் பற்றி ஏதோ சொல்லப் போகிறாய் என்று குனிந்தேன். "கன்சிலுக்கு மண்ண மறந்துறாத" என்றாய். சரி என்றேன். சாகப்போகிறவனுக்கு இதைவிடச் சுலபமான வாக்கை யாராவது கொடுத்திருப்பார்களா?

இப்போது கெட்ட செய்தி. போன மாதம் ஆயுத பூஜைக்கு அக்கா உன் கண்ணாடி அலமாரியைத் திறந்து, எல்லாக் கார்களையும் பாத்திரச் சோப்புப் போட்டு, பழைய பல் பிரஷால் தேய்த்துக் கழுவிவிட்டார். நான் போனபோது வரிசையாக நின்றன. பானட்டில் சந்தனம், குங்குமம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கவும் பார்த்திருக்கிறார். பழம் காரின் கூரை உயரத்துக்கு வந்ததால் விட்டுவிட்டார்.

"பாருங்க தம்பி, புதுசு மாதிரி ஆயிருச்சு."

உன் வருடக்கணக்கான அழுக்கு சிங்க் வழியாகப் போயிருந்தது. "ஆமாக்கா" என்றேன். எத்தனையோ சேதத்தை நேரில் பார்த்தவன் நான். அன்று கேட் வரைக்கும் போய்ப் போய்த் திரும்பி வந்தேன். அப்போதுதான் அக்கா பாதிக் கன்சிலைக் கையில் கொடுத்து, "திதிக்குள்ள முடிச்சுக் குடுங்க" என்றார்.

விளக்கு, சக்கரம், கண்ணாடி எல்லாம் பொருத்தினேன். பிடிக்காமல் கழற்றினேன். மறுபடி பொருத்தினேன். வார்னிஷ் இருக்கும்போதே வார்னிஷ் வாங்க மஸ்ஜித் தானா டவுன் வரை காரோட்டிப் போனேன். "ஏங்க, ஒரு எடத்துல உக்காருங்களேன், பாக்கற எனக்குக் கால் வலிக்குது" என்கிறாள் உன் தங்கை வசந்தி. கடைசியில் தோட்டத்துச் சாலைக்குப் போய் மண் அள்ளினேன். பூசுவதற்கு முன் அக்காவிடம் சொல்லிவிடலாம் என்று காரையும் மண் டப்பாவையும் எடுத்துக்கொண்டு போனேன். இது இரண்டு வாரத்துக்கு முன்.

"என்னா தம்பி இது, மண்ணு?"

"குணா கேட்டதுக்கா. நெஜமா ஓடுன கார் மாதிரி இருக்கணும்ல."

"எந்தக் காரு?"

"நம்ம கன்சில்தான்."

அக்கா வாசலைக் காட்டினார். "அது என்னைக்கு அழுக்கா இருந்துச்சு? ஞாயித்துக்கெழமையானா ரெண்டு பேரும் உம்பாய்க்குப் போயி மீன் வாங்கிட்டு வருவீங்க. வந்ததும் மேல ஏறிப் பொம்மக் காருக்கு மண்ணு பூச உக்காந்துருவீங்க. கீழ பெரிய கார யாரு கழுவுனா? தானாக் கழுவிக்கிச்சா?"

"அப்ப அலமாரில இருந்ததையும்..."

"தெரிஞ்சுதான் கழுவுனேன். என் வடிகட்டிலதான சலிச்சீங்க, எனக்குத் தெரியாதா?"

"அது ஒரு கலைக்கா."

"கலைன்னா கலையா இருக்கட்டும் லா. நீங்க பூசிக்கோங்க. படையல் அன்னைக்கு நான் கழுவிட்டுத்தான் வைப்பேன்."

வீட்டுக்கு வந்து, அளவெடுக்க நாம் பிடித்த படங்களைப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் கன்சில் பளபளவென்று நிற்கிறது. அந்தப் படங்களை மேசையில் பரப்பி வைத்துக்கொண்டுதான், எங்கே சேறு பூசலாம் என்று நாம் பேசியிருக்கிறோம். நம்மிடம் பூதக்கண்ணாடி கூட இருந்தது, மச்சான்.

உனக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். பிரஷோடு அக்கா ஒரு பக்கம். இப்போது கார் எப்படி இருக்கிறது என்று சொல்கிறேன். பின்பாதி முழுக்க உன் செம்மண். முன்பாதி கழுவியாகிவிட்டது. கீழே சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஓடுகிறது, பளபளப்பு வார்னிஷ்தான். பேனா மூடியில் வாளி. பச்சை ஒயரில் ரப்பர் பைப். மண்ணின் மேல் வார்னிஷ் அடித்து மூடிவிட்டேன். கொஞ்சம் செத்துத்தான் போயிற்று. அக்காவின் பிரஷைத் தாங்க வேண்டாமா?

வசந்தி சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "வாளி இருக்கு, பைப் இருக்கு. அண்ணி எங்க?"

ஆள் வைத்தால் கார் பொம்மையாகிவிடும் என்று நாம் ஒருநாளும் ஆள் செய்ததில்லை. இப்போது செய்து பார்த்தேன். முதல் அக்கா போக்குவரத்துப் போலீஸ் மாதிரி வந்தார். இரண்டாவது அக்கா பப்பாளி மாதிரி. இரண்டையும் யாருக்கும் காட்டவில்லை.

போன ஞாயிறு, வேறு வேலை இருப்பதுபோல உன் வீட்டுப் பக்கம் போனேன். அக்கா காரைக் கழுவிக்கொண்டிருந்தார். அந்தக் கார் இப்போது எங்கும் போவதில்லை, மச்சான். ஓட்ட ஆளில்லை. அழுக்காக வழியே இல்லை. ஆனாலும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, சக்கரம் சக்கரமாகத் தேய்க்கிறார். ஏன் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. நீயாக இருந்தால் கேட்டிருப்பாயா? இத்தனை வருடத்தில் ஒருமுறையாவது மாடியிலிருந்து எட்டிப் பார்த்தோமா?

நனையக் கூடாதென்று நீலச் சிலிப்பரைக் கழற்றிப் படியோரம் வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதேபோல் குட்டிச் சிலிப்பர் ஒன்று செய்தாயிற்று. இன்னொன்று இடுக்கியிலிருந்து தெறித்து ஓடுகிறது. இந்த வாரம் பாதி நாள் தரையில்தான் தவழ்ந்தேன்.

வசந்திக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "படையல்ல போயி யாராச்சும் செருப்பு வைப்பாங்களா?"

"ஒரு சென்டிமீட்டர்தான்டி."

"செருப்பு செருப்புதாங்க. எங்கண்ணன் சாப்பிட வர்ற எடம்."

அவள் சொல்வதில் தப்பில்லை. செருப்பை எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். எடுத்துப் பார்த்தேன். கார் மறுபடியும் தானாகக் கழுவிக்கொள்ள ஆரம்பித்துவிட்டது.

ஆகவே உனக்கு இன்னொரு வாக்கு. ஞாயிற்றுக்கிழமை நண்டுக்கும் கறுப்பு பீருக்கும் நடுவில் உன் கார் இருக்கும். பின் சக்கரத்தின் மறைவில் இரண்டு நீலச் சிலிப்பர்கள் இருக்கும். கும்பிடுகிறவர்கள் கண்ணில் படாது. நீ எதையும் குனிந்து பார்க்கிறவன், உன் கண்ணில் படும். பட்ட பிறகு சாப்பிடு.

உன் தங்கையைக் கட்டியவன்,
இன்னும் உட்காராத உன் மச்சான்,
செல்வம்