போ என்றார், போனாய்

அண்ணா,

இன்று காலையில் அப்பா மாட்டுக் கொம்புக்கு அடிக்க மஞ்சள் பெயிண்ட் டப்பாவைத் திறந்தார். பொங்கலுக்கு இன்னும் நாள் இருக்கிறது, அவருக்குப் பொறுமை ஏது? வாடை அடுப்படி வரைக்கும் வந்தது. "இன்னாடி, மூஞ்சி ஒரு மாரி கீது?" என்று அம்மா கேட்டாள். பெயிண்ட் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆனால் இந்த வீட்டில் உன்னைப் பற்றி யாரிடமும் உள்ளதை உள்ளபடி பேச முடியவில்லை. எல்லாருக்கும் நீ மாலை போட்ட போட்டோவுக்குள் சிரிக்கும் நல்ல பிள்ளை.

இதே மாதிரி மிச்சமான கொம்புப் பெயிண்டைத்தான் நீ அந்த வருஷம் திருடிக்கொண்டு போனாய். விமானப் பயிற்சியிலிருந்து முதல் முறையாக லீவில் வந்திருந்தாய். நெல் காயவைக்கும் சிமென்ட் களத்தில் முழுசாக இரண்டு கோடு, அதையொட்டி விட்டுவிட்டு இரண்டு கோடு போட்டாய். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓடுபாதை. இந்தப் பக்கம் விமானம் ஊர்ந்து வரும் வழி. "முழுக்கோடு நம்ம பக்கம் இருந்தா நின்னுடணும். டவர்ல உக்காந்து வழி சொல்றவன் பேர் சொல்லி கூப்புடாம மூக்கு கூட அந்தாண்ட போவக்கூடாது. மேல பறக்கசொல்ல எல்லாரும் உஷாராத்தான் இருக்கான், தரையில நவுரசொல்லதான் கோட்ட விடறான்" என்றாய். களத்தைப் பாழாக்கியதற்கு அப்பா அன்றைக்கு ஊரே கேட்கிற மாதிரி கத்தினார். நீ தலையைக் குனிந்துகொண்டு நின்றாய்.

அப்பாவின் சைக்கிள்தான் உன் விமானம். நான் டவர். மோட்டார் கொட்டகை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, நீ சொல்லிக் கொடுத்த இங்கிலீஷில் உத்தரவு போடுவேன். விமானத்துக்கு ஒரு கூப்பிடு பெயர் வேண்டும் என்றாய், நம் பசுவின் பெயரை வைத்தேன். "லட்சுமி, ஹோல்ட் ஷார்ட் ரன்வே டூ செவன்!" ஓடுபாதைக்கு முன்னால் நில் என்று அர்த்தம். அதை நீ ஓடுபாதை எண்ணோடு, லட்சுமியோடு, அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். வெறும் ரோஜர் என்றால் செல்லாது. "ரோஜர்னா காதுல விழுந்துச்சின்னுதான் அர்த்தம், இன்னா புரிஞ்சுதுன்னு அவனுக்கு எப்படித் தெரியும்?" என்பாய். நகரும்போது குனிந்து எதையும் படிக்கக் கூடாது, கண் வெளியே இருக்க வேண்டும். அனுமதி கிடைத்தாலும் இரண்டு பக்கமும் பார்க்காமல் கோட்டைத் தாண்டக் கூடாது. துளி சந்தேகம் வந்தாலும் நின்று கேட்க வேண்டும். நெல் கொத்த வந்த கோழிக்குக்கூட நீ வழிவிட்டு நின்றாய்.

ஒருநாள் உன்னைக் கோட்டில் நிறுத்திவிட்டு மோர் குடிக்க வீட்டுக்குப் போனேன். டிவியில் ஏதோ ஓடியது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஞாபகம் வந்து ஓடி வந்தால், நீ சைக்கிளைப் பிடித்தபடி அதே இடத்தில் வெயிலில் நிற்கிறாய், சட்டையெல்லாம் தொப்பலாக நனைந்து.

"லூசாண்ணா நீ?"

"நீ இன்னும் போன்னு சொல்லலியே."

விழுந்து விழுந்து சிரித்தேன். இப்போது நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. நில் என்றால் உயிர் போனாலும் நிற்கிறவன், போ என்றால் என்ன செய்வான் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை.

பயிற்சிக்குத் திரும்பிப் போன பிறகு போனில் உன் குரலே மாறிவிட்டது. "கத்துக் குடுக்கற சார் பக்கத்துல உக்காந்துகினு போ போன்றார்டி. டவர்கிட்ட ரெண்டாவது வாட்டி கேட்டா மூஞ்ச தூக்கி வெச்சிக்கிறார். 'நான் இருக்கசொல்ல அவன இன்னா கேக்கறது, இங்கிலீஷ் புரியலியா உனுக்கு'ன்னு மத்த பசங்க எதிர்லயே கேக்கறார். எல்லாரும் சிரிக்கறான்" என்றாய்.

"சந்தேகம்னா நின்னு கேக்கணும்னு நீதானே சொன்ன?" என்றேன்.

"அது வேறடி. அவர் சார்" என்றாய்.

அதன் பிறகு சீக்கிரமே அது நடந்தது. உன் விமானம் கோட்டைத் தாண்டி ஓடுபாதைக்குள் போனது. இறங்கிக்கொண்டிருந்த இன்னொரு விமானம் நீ உட்கார்ந்திருந்த பக்கத்தில் மோதியது. டவர் நிற்கச் சொன்னதும், நிற்கிறேன் என்று நீ திருப்பிச் சொன்னதும் பதிவில் இருக்கிறது என்றார்கள். அப்படியானால் ஏன் நகர்ந்தான் என்று யாருக்கும் தெரியவில்லை. பட்டிக்காட்டுப் பையன், இங்கிலீஷ் புரிந்திருக்காது என்று ஊர் பேசியது. பாகூர் பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டே ஒருத்தி பேசினாள். திரும்பி அவளைக் கேட்ட கேள்வியில் அவள் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டாள்.

உன் காரியத்துக்கு அந்த சார் வந்தார். கையில் கட்டு, நெற்றியில் தையல். கெட்ட மனுஷன் மாதிரித் தெரியவில்லை, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். "டவர் வேற விமானத்தக் கூப்பிட்டாங்க, நான் எங்களத்தான்னு நினைச்சிட்டேன். போன்னு சொன்னேன். என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். அப்புறம் பிரேக்கை விட்டுட்டான்" என்றார்.

"அவன் ஒண்ணும் கேக்கலியா சார்?" என்றேன்.

"இல்லம்மா. எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டானே. அவ்வளவு நல்ல பையன்."

அப்பா அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "பெரியவங்க பேச்ச தட்டாத மாரி வளத்தேன் சார்" என்றார். பெருமையாகச் சொன்னார், அண்ணா. கையிலிருந்த காபி டம்ளரைச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது எனக்கு. அடிக்கவில்லை, சாருக்குத்தான் கொடுத்தேன்.

எனக்குச் சார் மேல் கோபம், அப்பா மேல் கோபம். எல்லாரையும்விட உன் மேல்தான் அதிகம். உனக்குத் தெரிந்திருந்தது. ஒரு கோழிக்கு நின்றவன் நீ. அவரைத் திரும்பிப் பார்த்தாயே, அந்தப் பார்வைக்குப் பதிலாக "டவர்கிட்ட கேக்கறேன் சார்" என்று சொல்ல உனக்கு வாய் இல்லையா? இத்தனை வருஷமும் உன்னை மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன்.

போன மாதம்தான் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரிந்தது. வில்லியனூர் பக்கம் ஒரு பாட்டில் கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறேன். மெஷினுக்குப் பின்னால் மலர் என்று ஒரு பெண், உடைந்த கண்ணாடியைப் பொறுக்க உள்ளே கையை விட்டிருந்தாள். சூப்பர்வைசர் வந்து "அவ வெளிய வந்துட்டா, மெஷினப் போடு" என்றார். அவள் வெளியே வந்ததை நான் பார்க்கவில்லை. "அவ வாயால சொல்லட்டும் சார்" என்றேன். "நான் சொல்றேன், நீ யாரு கேக்கறதுக்கு?" என்றார். லைனில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். என் கை பட்டன் பக்கத்திலேயே நின்றது. அந்த ஒரு நொடியில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. "மாட்டேன் சார்" என்றேன். குரல் எலிக் குஞ்சு மாதிரி வந்தது.

மலர் எப்போதோ வெளியே வந்து குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தாளாம். எல்லாரும் சிரித்தார்கள். மதியச் சாப்பாடு வரைக்கும் சிரித்தார்கள். அவ்வளவுதான் அண்ணா, அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நீ நின்று கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்கள். சிரித்து முடித்ததும் நீ எனக்குப் போன் பண்ணிப் புலம்பியிருப்பாய்.

சூப்பர்வைசர் அப்பாவுக்குத் தெரிந்தவர், வேலை வாங்கிக் கொடுத்ததே அவர்தான். சாயங்காலம் நான் வருவதற்குள் போன் வந்துவிட்டது. அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"பெரிய மனுஷன எதுத்து பேசுவியா நீ? உங்கண்ணன் இருந்தா இந்த மாரி பேசியிருப்பானா?"

"இந்த மாரி பேசியிருந்தா, இருந்திருப்பாம்பா."

அவர் கையை ஓங்கினார். நான் நகரவில்லை. ஓங்கிய கை அப்படியே நின்று, பிறகு கீழே இறங்கியது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றிலிருந்து அப்பா என்னோடு பேசுவதில்லை. பேசாமல் இருக்கட்டும். பொங்கல் லீவு முடிந்ததும் வேலைக்குப் போவேன். பட்டனில் கை வைக்கும் முன் இன்னொரு முறை கேட்பேன், இன்னொரு முறை சிரிப்பார்கள். உன் தொண்டையில் நின்றுபோன அந்த ஒரு வார்த்தையை, உனக்கும் சேர்த்து, தினமும் நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.