பெட்டி லேபிளில் என் படகு

ஆடி கடைசிப் புதன், இரவு

மாமனார் இன்று தன் பட்டாசு ஆலையின் புது வெடிப்பெட்டிக்கான லேபிளை அச்சகத்திலிருந்து கொண்டுவந்தார். அதில் நான். மாநிலப் பாய்மரப் போட்டியில் ஜெயித்தபோது எடுத்த படம். லைஃப் ஜாக்கெட்டை அழித்துவிட்டுப் பட்டுச்சேலை உடுத்திவிட்டிருக்கிறார்கள், கழுத்தில் காசுமாலை வேறு. படகின் பாய் ஒரு பக்கம் உப்பியிருக்கிறது, என் கூந்தல் எதிர்ப்பக்கம் பறக்கிறது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்றுகூடத் தெரியாத வீடு.

"எம்புட்டு லட்சணமா இருக்கு பாருங்க! பாம்பன் தீவு மருமகளாக்கும்" என்று சரக்கு எடுக்க வந்த ஏஜெண்டிடம் ஒரே பீற்றல்.

ஏஜெண்ட் போனதும் மாமனாரிடம் கேட்டேன். "மாமா, அடுத்த வாரம் சென்னையில இந்திய அணிக்குத் தேர்வு. போயிட்டு வரட்டுமா?"

"பிள்ள பெத்தவளுக்குக் கடல்ல என்ன சோலி, தாயி? அதான் பெட்டியில போட்டாச்சுல்ல, நாடே பாக்குமே!"

என் வீட்டுக்காரர் லேபிளைத் தூக்கிப் பிடித்து, "செவப்பு கொஞ்சம் கம்மியா இருக்குப்பா" என்றார். அவருக்கு வாய் இருப்பது சாப்பிட மட்டும்தான்.

இவர்களை நினைத்து எனக்குப் பயமில்லை. பாப்பா இன்னும் பால்குடி மறக்கவில்லை, நான் தண்ணீரில் இருக்கும்போது பசித்து அழுதால் என்ன செய்வது என்றுதான் பயம். அம்மா சென்னைக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். கோச்சுக்கு, 'கைக்குழந்தையோடு வருகிறேன்' என்று செய்தி அனுப்பிவிட்டேன். காலையில் இவர்களிடம் மறுபடி கேட்கப் போவதில்லை. எந்த பஸ் என்று மட்டும் சொல்வேன்.