பின்விளிம்பில் நான்கு பள்ளங்கள்

மே 5, ஞாயிறு

மூன்று மணிக் காட்சியில் இன்று பதினோரு நிமிடம் செத்தேன். சாதனை! ஒரு பேரரசன் படிக்கட்டில் உருண்டு, நாட்டைப் பங்கிட்டு, குதிரையை மன்னித்த பிறகுதானே உயிரை விட முடியும்? முன்வரிசைக் கிழவர் தூங்கிவிட்டார். துக்கம் தாளாமல்தான்.

காட்சி முடிந்ததும் மச்சினன் லுபோர் வழக்கம்போல் தன் வாளை என் மடியில் போட்டுவிட்டு பீர் குடிக்கப் போனான். பத்தொன்பது வருடமாக இதே கோட்டை முற்றம், இதே அறுபத்திரண்டு வீச்சு. அவன் என்னைக் கொல்வான். நான் இரண்டு வாளையும் அரத்தால் ராவி வைப்பேன். கூர் இல்லாத நாடக வாள்தான், ஆனாலும் மோதுகிற இடத்தில் பள்ளம் விழுந்து பிசிறு எழும்பும். விட்டுவைத்தால் கையைக் கிழிக்கும். இரண்டும் ஒரே கொல்லர் ஒரே இரும்பில் அடித்த ஒற்றைக் கை வாள்கள். இரட்டைப் பிள்ளைகள்.

மே 12, ஞாயிறு

லுபோரின் வாளில் நான்கு புதுப் பள்ளங்கள். பின்விளிம்பில், நுனிக்குப் பக்கத்தில். எங்கள் சண்டையில் என் வாள் அங்கே படுவதே கிடையாது. இடக்கை ஆளோடு மோதினால்தான் அந்த இடத்தில் விழும். எங்கள் குழுவில் இடக்கைக்காரி ஒருத்திதான் – ஹெட்விகா.

கேட்டேன். "வேலிக்கம்பில அடிச்சுப் பார்த்தேன் மாமா" என்றான். மரக்கம்பு இரும்பைக் கடிக்குமா? என்னை என்ன, புத்தி கெட்ட பேரரசன் என்று நினைத்தானா?

மே 16, வியாழன்

கோட்டைக்குப் பின்னால் பீர்ப் பீப்பாய்களுக்கு நடுவில் ஒளிந்து நின்றேன். என் தொப்பையை மறைக்க ஏழு பீப்பாய் தேவைப்பட்டது.

ஹெட்விகாதான். என் வேடம். லுபோர் குத்தினான், அவள் விழுந்தாள்.

"மூணு நொடி! மாமாகிட்ட யாரு சொல்றது?" என்றாள்.

"நான்தான் சொல்லணும். ஆனா அவரு செத்து முடிக்கிறதுக்குள்ள சீசனே முடிஞ்சிரும்."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நன்றாகத்தான் இருந்தது அந்த நகைச்சுவை. வேறு யாரைப் பற்றியாவது இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

மே 19, ஞாயிறு

எட்டு நொடியில் செத்தேன். "ஏன் மாமா இவ்ளோ சீக்கிரம்?" என்றான் லுபோர். "இன்னிக்கு நீ குத்துனது பலமா பட்டுடுச்சுடா." அவன் முகம் வெளுத்தது. வாளைக் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போனான்.

மே 21, செவ்வாய்

என் மனைவி மிலாடாவின் தையல் மேஜையில் சிவப்பு அங்கி. என் அளவில் பாதி.

"எப்ப அளவு எடுத்த?"

"பிப்ரவரியில."

பிப்ரவரி! வாளைத் தொடும் முன்பே குச்சியை வைத்துப் பழகியிருக்கிறார்கள். நான் இதே மேஜையில் சாப்பாட்டை உருண்டை உருண்டையாக விழுங்கிக்கொண்டு பேரரசின் எதிர்காலத்தைப் பேசிக்கொண்டிருந்தேன், இவள் தலையாட்டினாள்.

"அவன் என் தம்பிங்க. நான் என்ன செய்ய?"

நான் யாருடி? பக்கத்து வீட்டுக்காரனா?

சாயங்காலம் ரம் புட்டியோடு லுபோர் வந்தான். "நம்ம ரெண்டு பேரையும் தூக்கிட்டு வேற குழுவைக் கொண்டுவரப் பார்த்தாங்க மாமா, கோட்டை நிர்வாகத்துல. ஹெட்விகாவோட சேர்ந்தா நான் இருக்கலாம்னாங்க."

"வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னடா?"

"சொன்னா நீங்க பதினோரு நிமிஷம் அழுவீங்க."

அழவில்லை. புட்டியை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.

ஜூன் 2, ஞாயிறு

நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஹெட்விகா விழுந்ததும் முற்றம் முழுக்க மூச்சு நின்றது. ஒருவரும் இருமக்கூட இல்லை. எனக்காக இந்தப் பத்தொன்பது வருடத்தில் அப்படி நின்றதே கிடையாது. நன்றாகச் செத்தாள், பாழாய்ப் போனவள்.

ஜூன் 9, ஞாயிறு

இந்த வாரமும் வாள் வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம், தன் வீட்டு முற்றத்தில், லுபோரே ராவுகிறான். அரத்தை முன்னும் பின்னும் இழுத்து, கழுதை கத்துவதுபோல். ஜன்னலைச் சாத்தினேன். ஒரு மணி நேரம் பொறுத்தேன். அப்புறம் திறந்தேன்.

"முன்னால மட்டும் தள்ளுடா, மடையா! திரும்புறப்ப தூக்கு!"

அரத்தின் சத்தம் மாறியது.