வலது கை நகங்கள்

செவ்வாய், இரவு

நாளை மறுநாள் என் மனைவி பார்வதிக்குப் பித்தப்பை ஆபரேஷன். விரலில் கிளிப் மாட்டி ஆக்ஸிஜன் பார்ப்பார்களாம், நெயில் பாலிஷை எடுத்துவிட்டு வரச் சொன்னாள் நர்ஸ். பேத்தி கல்யாணத்துக்குப் போட்ட சிவப்பு இன்னும் அவள் விரல்களில் இருந்தது.

கும்மிடிப்பூண்டி பஜாரில் பேன்ஸி கடைப் பெண் பாலிஷ் எடுக்கிற திரவத்தில் இரண்டு பாட்டில் காட்டினாள்.

"பெரியவரே, அசிடோன் இல்லாதத எடுத்துக்கினு போங்க. லேட்டாதான் போவும், ஆனா நகம் காயாது."

"கம்பெனியில பெயின்ட் செக்‌ஷன்ல இருந்தவன் நானு. எனக்கே பாடமா?" என்று கேட்டு, நெடி அதிகமானதை வாங்கினேன். நெடி இருந்தால்தான் வேலை செய்யும்.

வேலை செய்தது. வலது கை முடிந்தபோது நகமெல்லாம் வெளுத்துச் சொரசொரத்துவிட்டது. கட்டை விரல் நகத்தில் ஒரு வெடிப்பு.

"இன்னாய்யா, சுண்ணாம்பு அடிச்சா மாதிரி கீது! என் கைய கம்பெனி இரும்பு கேட்டுன்னு நெனச்சிக்கினியா?" என்று பார்வதி இடது கையை இழுத்துக்கொண்டாள்.

தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். அவள் தூங்கிவிட்டாள். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வெளுத்த நகத்தில் கிளிப் தப்பாகக் காட்டினால்? ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டால்? போன வாரம் வலியில் அவள் தரையில் சுருண்டு கிடந்தாள். அதை இன்னொரு முறை பார்க்க என்னால் ஆகாது.

நான் வாங்கியது தப்பு என்று சொல்ல மாட்டேன். இவள் நகம் மெலிசு, அவ்வளவுதான். இடது கைக்குக் காலையில் அந்த இன்னொரு பாட்டிலை வாங்க வேண்டும். அதே கடையில் இல்லை. ரயிலேறிப் போய்க் கவரைப்பேட்டையில் வாங்கிக்கொள்வேன்.