தூங்கிக்கொண்டிருந்த பிராசஸர்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் நலம்.

ஆபீஸில் ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. எங்கள் சர்வர் ஒவ்வொன்றுக்குள்ளும் மென்பொருளாலேயே உருவாக்கிய பல மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. வேலையில்லாதபோது சர்வரின் மூளையான பிராசஸரைத் தூங்கவைத்துக் கரண்டை மிச்சப்படுத்தும் பொறுப்பை அவற்றிடமே விடச் சொன்னார் மேனேஜர்.

"வெளியிலிருந்து பார்த்தா அது தூங்குறது தெரியாது, எப்பவும் முழு வேலைன்னுதான் காட்டும் சார்" என்று அப்போதே எச்சரித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. வெளியே முழு வேலை என்று காட்டிய அந்த அளவை டைரக்டர் பார்த்துக் கத்தியதும், "இவங்க செட்டிங்தான் கரண்டைத் தின்னுது" என்று பழியை என் தலையில் கட்டினார்.

டைரக்டர் கூட்டிய கூட்டத்தில் எல்லார் முன்னாலும் அதையே அவர் மறுபடி சொல்லும்வரை காத்திருந்தேன். பிறகு மெய்நிகர் கணினிக்குள் பதிவானதைத் திரையில் போட்டேன். பிராசஸர் பெரும்பாலும் தூக்கத்தில்தான் இருந்தது. கரண்ட் மீட்டரும் குறைவாகவே காட்டியது.

"இப்படி வைக்கச் சொன்னது யாரு?" என்றார் டைரக்டர்.

"சாரையே கேளுங்க."

மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. என் வயிறு குளிர்ந்தது அம்மா. இன்னொரு முறை வாலாட்டினால் ஒட்ட நறுக்குவேன்.

என் பருத்திப் போர்வையை அனுப்பு. இங்கே வாங்கியது உடம்பைக் குத்துகிறது. அன்று கூட்டம் முடிந்து அறைக்கு வந்து கதவைச் சாத்தி, சுவரைப் பார்த்துத்தான் சிரித்தேன். கேட்க ஆளில்லாமல் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நீயாவது மீதியைச் சிரி.

பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உன் மகள்