கோட்டுக்குக் கீழே இருந்த பேச்சு

பாசத்துக்குரிய மாப்ளே ஏழுமலைக்கு,

உன் பேச்சை அழித்தது நான்தான். யாரும் திருடவில்லை, கம்ப்யூட்டரும் கெட்டுப்போகவில்லை. ஒரு மத்தியான நேரத்தில், வேலை இவ்வளவு சீக்கிரம் முடிகிறதே என்ற சந்தோஷத்தோடு, என் விரலாலேயே அழித்தேன். இதை உன்னிடம் ஒப்புக்கொண்ட பிறகுதான் மற்றதைப் பேச எனக்கு வாய் வரும்.

போன ஐப்பசியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், நீ எழுந்திருக்கவே இல்லை. காரியம் முடிந்த மூன்றாம் நாள் நான் வண்டியை எடுத்துவிட்டேன். தப்பாக நினைக்காதே. விழுப்புரம் குடோனில் வெங்காயம் முளை விட்டுக்கொண்டு கிடந்தது. அதற்குத் துக்கம் தெரியுமா?

உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, சில நாள் தக்காளியும் மொத்தமாக எடுத்து, திண்டிவனம் சுற்றுப்பட்டு ஊர்களில் குட்டி லோடு வண்டியில் வைத்து விற்கிறவன். வண்டியை ஓட்டியது என் தங்கை தனத்தின் புருஷனான நீ. வண்டி மேல் இருக்கிற குழாய் ஸ்பீக்கரில் கூவியதும் நீதான். விலை மாறும்போதெல்லாம் வீட்டில் உட்கார்ந்து, போனில் புதிதாகப் பேசிப் பதிவு செய்துகொண்டு வருவாய். "வாங்கம்மா வாங்க, திண்டிவனம் மக்களே" என்று நீ ஆரம்பித்தால், தெருக்கோடியில் இருக்கிறவளும் பையை எடுத்துவிடுவாள்.

நீ போன பிறகு, கச்சேரியில் பாடுகிற ஒருவரைப் பிடித்துப் பேச வைத்தேன். நல்ல கணீர்க் குரல். பிரம்மதேசத்தில் ஒரு மணி நேரம் நின்றேன், ஒரு தலை தெரியவில்லை. கடைசியில் ஒரு அம்மா வந்து, "உன் வண்டியாப்பா இது? யாரோ ஓட்டு கேக்க வர்றாங்கன்னு கதவ சாத்திக்கினேன்" என்றார். அன்றைக்கே முடிவு செய்தேன், ஏழுமலை குரல்தான் வேண்டும் என்று.

ஸ்பீக்கரில் செருகுகிற உன் மெமரி கார்டில் நாற்பத்து மூன்று பதிவுகள் இருந்தன. ஆனால் எல்லாம் பழைய விலை. என்ன செய்வது என்று விழுப்புரத்தில் ரெக்கார்டிங் கடை வைத்திருக்கும் மேரியிடம் கேட்டேன். "இதுக்கா முழிக்கிறீங்க? நாப்பத்து மூணுல எல்லா நம்பரும் எங்கயாவது சொல்லியிருப்பாரு. வெட்டி ஒட்டினா புது வெல வந்துடப் போவுது" என்றது அந்தப் பெண். பாட்டுக்கு மெட்டுப் போடுகிறவர்கள் வைத்துக்கொள்கிற ஒரு சாஃப்ட்வேரை என் லேப்டாப்பில் ஏற்றியும் கொடுத்தது.

ஏழாம் வகுப்போடு நின்றவன் நான். இருந்தாலும் அந்தக் கடையிலேயே உட்கார்ந்து கற்றுக்கொண்டேன், மாப்ளே. முதலில் மவுஸால் இழுத்து இழுத்து வெட்டினேன். ஒரு விளம்பரத்துக்கு அரை நாள் போனது. ஒட்டின இடத்திலெல்லாம் 'டக் டக்' என்று தட்டியது. மேரி எட்டிப் பார்த்துச் சிரித்தது. "கண்ட இடத்துல வெட்டாதீங்கண்ணே. இந்த அலை நடுக்கோட்டைத் தொடுது பாருங்க, அங்க வெட்டுங்க. ரெண்டு ஓரத்தையும் மெலுசாக்கி விடுங்க, தட்டாது." அது ஒரு பாடம். வாக்கியத்தின் கடைசியில் சொன்ன 'ரூபா'வைக் கடைசியில்தான் வைக்க வேண்டும், நடுவில் சொன்னதைத் தூக்கிக் கடைசியில் வைத்தால் பேச்சு அந்தரத்தில் தொங்கும் என்பது நானாகவே கண்டுபிடித்தது. பிறகு ஒவ்வொரு துண்டையும் கீபோர்டில் ஒவ்வொரு பொத்தானுக்குக் கொடுத்துவிட்டேன். 'மூணு', 'கிலோ', 'நூறு' என்று தட்டத் தட்ட நீ பேசுவாய்.

அப்புறம்தான் இன்னொரு கோட்டைக் கண்டுபிடித்தேன். திரையில் உன் குரல் மேடும் பள்ளமுமாக ஓடும். குறுக்கே ஒரு கோட்டை இழுத்து வைத்தால், அதற்கு மேல் எழும்புகிற சத்தத்தையெல்லாம் சாஃப்ட்வேர் தானாகவே துண்டு துண்டாக வெட்டி அடுக்கிவிடும். கோட்டுக்குக் கீழே இருப்பதை வெறும் இடம் என்று கழித்துவிடும். நாற்பத்து மூன்று பதிவும் பத்தே நிமிடத்தில் முடிந்தன. மூட்டையைக் கொட்டி, அழுகலையும் சருகையும் தள்ளி, பெரிசு சின்னது பிரித்து வைத்த மாதிரி அவ்வளவு சுத்தம். கார்டில் வைத்தபடியே வெட்டியதால் அதில் இடம் போதவில்லை. முழுப் பதிவுகளை அழித்துவிட்டு, அதே கார்டில் துண்டுகளை ஏற்றினேன். கழிவைக் குடோனில் பூட்டி வைக்கிற வியாபாரி உண்டா?

ஐந்து மாதம் உன் குரலில் விற்றேன். நீ சொல்லாத விலையையெல்லாம் நீ சொன்னாய். பிரம்மதேசத்து அம்மா மறுபடி வந்தார். "செத்துப்போன மனுசன் குரலப் போட்டுக்கினு வர்றியே, உனக்கு ஒரு மாதிரி இல்ல?" என்றார். நான் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். "சரி சரி, ரெண்டு கிலோ போடு, சின்னதா பார்த்துப் போடு" என்றார்.

திண்டிவனத்தில் உன் தெருவுக்குள் வண்டி நுழையும்போதெல்லாம் தனம் வாசலுக்கு வந்துவிடும். ஒன்றும் வாங்காது, பேசாது. விளம்பரம் ஒரு சுற்று முடிந்து மறுபடி ஆரம்பிக்கும் வரை காதைக் கொடுத்துக்கொண்டு நிற்கும். மனசு ஆறட்டும் என்று நானும் வண்டியைக் கொஞ்சம் கூடுதலாகவே நிறுத்துவேன். சித்திரை பிறந்து ஒரு நாள், வண்டியோரமாக வந்து நின்றது.

"அண்ணா, இதுக்கு முன்னாடி ஒண்ணு வருமே, அது எங்க?"

"எது?"

"கூவ ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி. 'தனம், ஃபேன நிறுத்து'ம்பாரு. ஒவ்வொரு வாட்டியும் சொல்லுவாரு. முடிச்சிட்டு, 'போட்டுக்கோ, வேர்த்துக் கொட்டுது பாரு உனக்கு'ம்பாரு. வண்டியில அது தேவையில்லதான். அத மட்டும் எடுத்து என் போன்ல போட்டுக் குடுண்ணா."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எதிரொலி வரக்கூடாது என்று தலையோடு போர்வையைப் போர்த்திக்கொண்டு நீ பதிவு செய்வாயே, அந்த அறையில் தனமும் இருந்திருக்கிறது. கூவும்போது ஊருக்குக் கேட்கிற குரல். அதற்கு முன்னும் பின்னும், பக்கத்தில் இருக்கிறவளுக்கு மட்டும் கேட்கிற குரல். முதல் நாள் நான் அதைக் கேட்டிருக்கிறேன். 'விளம்பரம் எப்போது வரும்' என்று தள்ளித் தள்ளி ஓட்டியிருக்கிறேன். அது முழுக்கக் கோட்டுக்குக் கீழே இருந்தது, மாப்ளே. நாற்பத்து மூன்று தடவையும்.

"தேடிப் பார்க்கறேன் தனம்" என்று பொய் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

தேடாமல் இல்லை. கார்டை எடுத்துக்கொண்டு விழுப்புரத்தில் மூன்று கடை ஏறினேன். "அழிச்சது கூட பரவால்லண்ணே, அது மேலயே வேற எழுதிட்டீங்களே, இனிமே யார் வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள், மூன்று இடத்திலும் ஒரே மாதிரி. மேரியிடம் கேட்டதற்கு, "ஒரிஜினல காப்பி எடுத்து வெச்சிட்டுத்தானே வெட்டினீங்க?" என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டது. இந்த வேலை செய்கிற யாராவது இதைப் படித்தால், அந்தக் கேள்வியை முதலிலேயே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாப்ளே, உன் கல்யாண வீடியோவைக்கூடப் போட்டுப் பார்த்தேன். மேளம்தான் கேட்கிறது. போனில் நீ வாய்ச் செய்தி அனுப்புகிறவனும் இல்லை. எதைக் கேட்டாலும் ஒரு கட்டைவிரல் படம். ஊருக்கெல்லாம் கூவிய மனுஷன், வீட்டுக்கு ஒரு வரி பேசி அனுப்பியிருக்கக்கூடாதா? உன்னைச் சொல்லி என்ன பயன்?

கைவசம் இருந்தது துண்டுகள்தான். அதை வைத்தே செய்து பார்க்கலாம் என்று தோன்றியது. தங்கச்சியை வெறுங்கையோடு எப்படிப் பார்ப்பது? 'தக்காளி'யில் முதல் எழுத்தை எடுத்தேன். 'திண்டிவனம்' என்பதில் வாலை நறுக்கினேன். இத்தனை மாதத்தில் கற்ற வித்தை முழுவதையும் அதில் இறக்கினேன். ஓரத்தை மெலிசாக்கி, சத்தத்தைக் குறைத்து, நடுக்கோட்டில் பொருத்தி, ஒரு முழு நாள் உட்கார்ந்தேன். 'தனம்' என்று வந்தது. உன் குரல்தான். 'டக்' என்று கூட இல்லை.

அதைப் போய் தனத்திடம் போட்டுக் காட்டினேன். போனைக் காதில் வைத்துக் கேட்டது. இன்னொரு தடவை போடச் சொன்னது. பிறகு போனை என் கையில் வைத்துவிட்டு, "இன்னாண்ணா இது? கிலோ இவ்ளோன்னு என்னைக் கூவி விக்கிறா மாதிரி கீது. அவரு என்னை இப்படி ஒரு நாள் கூப்ட்டதில்ல" என்றது.

சத்தத்தைக் குறைத்துவிடலாம். கூவினதைக் கூப்பிட்டதாக மாற்ற எந்தப் பொத்தானும் இல்லை. அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. கோட்டைப் பற்றி, கார்டைப் பற்றி, எல்லாவற்றையும் சொன்னேன்.

"எல்லாத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"ஒண்ணுகூட விடலயா?"

"இல்ல தனம்."

அழும் என்று நினைத்தேன். அழவில்லை. "உனக்கு எந்த மூட்டையப் பார்த்தாலும் கழிவு எவ்ளோன்னுதான் கேக்கத் தெரியும்" என்றது. மார்க்கெட்டில் இதையே எனக்குப் பெருமையாகச் சொல்வார்கள். அன்றைக்கு நான் நிற்க இடமில்லாமல் நின்றேன். மன்னிப்புக் கேட்டால் அது திரும்பி வந்துவிடுமா? வேறு ஏதாவது கொடுக்கலாமா? இருபத்தைந்து வருஷமாக எதற்கும் ஒரு வழி பண்ணுகிறவன் நான். இதற்கு ஒரு வழியும் என்னிடம் இல்லை. உன்னிடம் இருந்தால் சொல்லேன்.

தனம்தான் ஒரு வழி சொன்னது. "அண்ணா, அவரு சொல்லாதத இனிமே அவரு வாயில வெக்காத."

"விலை மாறுமே தனம். விலை சொல்லாம எப்படி விக்கிறது?"

"வெலய அவரா வெச்சாரு? நீதான வெக்கிற. நீ சொல்லு."

"என் குரலுக்கு எவன் வருவான்?"

"வரலன்னா போவட்டும். வாங்கம்மா வாங்கன்னது அவரு சொன்னது, அத வேணும்னா போட்டுக்கோ. நம்பர் ஒண்ணு கூட அவரு குரல்ல வரக்கூடாது. நம்ம தெருவுல அதுவும் வேணாம்."

பேரம் பேசித்தான் எனக்குப் பழக்கம். அன்றைக்கு அதற்கு மேல் பேசவில்லை. தலையாட்டினேன். நம்பர்கள் இருந்த துண்டுகளையெல்லாம் தனத்தின் முன்னாலேயே லேப்டாப்பைத் திறந்து அழிக்கப் போனேன். கையைப் பிடித்துக்கொண்டது. "மறுபடியும் அழிக்கிறியா? இருக்கட்டும், என்கிட்ட குடு" என்றது. பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டேன். அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்று நான் கேட்கவில்லை.

மாப்ளே, உனக்கு நான் கொடுக்கிற வாக்கு, தனம் சொன்னபடி முடிந்த ஏற்பாடுதான். "வாங்கம்மா வாங்க, திண்டிவனம் மக்களே" என்பதோடு உன் குரல் நிற்கும். நீ பேசியபடியே, நடுவில் ஒரு வெட்டும் இல்லாமல் ஓடும். அதன் பிறகு வண்டியை விட்டு இறங்கி, விலையை நான் என் வாயால் சொல்வேன். ஏறினாலும் இறங்கினாலும் நானே சொல்வேன். உன் தெரு முனையில் ஸ்பீக்கரை அணைத்துவிட்டுத்தான் வண்டி உள்ளே நுழையும். இதற்குக் கெடு எதுவும் வைக்கவில்லை. நான் வண்டி ஓட்டுகிற வரைக்கும்.

இப்படிக்கு,
தனத்தின் அண்ணன், உன் மச்சான்
ரங்கன்