முப்பத்தொரு வகை நாள்கள்

மார்ச் 3, செவ்வாய்

ஏசி பழுதுபார்க்க வந்தவர் என் நாற்காலிமேல் ஏறி நின்றுவிட்டுப் போனார். செருப்புத் தடத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது 'பார்க்கலாம் சார்' வந்தார். எங்கள் பிரிவுத் தலைவர். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பதால் அந்தப் பெயர். இன்று அவர் அதைச் சொல்லவில்லை. துடைப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தேன்.

பதினேழு வருஷமாக நான் கவனித்துவரும் விடுப்பு மென்பொருளைப் புதிதாக எழுதப்போகிறார்களாம், ஆப்ஜெக்ட் ஓரியண்டட் முறையில். 27-ஆம் தேதி அதற்கான சான்றிதழ்த் தேர்வு. தேறினால் நான்காம் மாடியில் புதுக் குழு. தேறாவிட்டால் கீழ்த்தளத்தில் பழையதைக் கட்டிக்கொண்டு அழ வேண்டியதுதான். பழையது தெரிந்த ஒரே ஆள் நான். ஆகவே அங்கே எனக்குத் துணை நான்தான்.

புது முறை என்னவென்றால் - இதுவரை மேலிருந்து கீழே வரிசையாகக் கட்டளை எழுதினேன். இனி 'கிளாஸ்' என்று ஓர் அச்சு செய்து, அதிலிருந்து ஆப்ஜெக்ட்டுகளை வார்க்க வேண்டும். அவை தங்களுக்குள் பேசி, வேலையைப் பங்கிட்டு, முடித்துவிடுமாம். எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 4, புதன்

நாத்தனார் வந்தாள். இவருடைய தங்கை. என் அலுவலகத்திலேயே அந்தப் புதுக் குழுவில்தான் இருக்கிறாள். செய்தி எனக்கு முன்னாலேயே வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருந்தது.

"நானெல்லாம் மூணே நாள்தான் அண்ணி படிச்சேன். தொண்ணூத்திரண்டு மார்க்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "முதல் தடவையிலேயே பாஸ் பண்ணிக் காட்டறேன் பாரு" என்றேன்.

"பண்ணிட்டா ஒரு வருஷம் உங்களை டீச்சர்னு கூப்பிடறேன். இல்லேன்னா நீங்க என்னைக் கூப்பிடணும். ஆபீஸ்லயும்."

சரி என்றேன். எந்த நேரத்தில் சொன்னேனோ.

மார்ச் 5, வியாழன்

என்ன படிப்பது? புத்தகம் 840 பக்கம், பன்னிரண்டு பாடம். மூன்று பேரைக் கேட்டேன். ஒருத்தி புத்தகத்தைத் தொடாதே, மாதிரிக் கேள்விகளைப் போடு என்கிறாள். ஒருத்தர் மாதிரிக் கேள்வியைத் தொடாதீங்க, புத்தகம்தான் என்கிறார். மூன்றாமவர் "நீங்க இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

முதலில் ஒரு கால அட்டவணை வேண்டும். அதையும் தாளில் போடாமல் புது முறையில் ஒரு கணினி நிரலாகவே எழுதிவிட்டால்? அட்டவணையும் ஆச்சு, படிப்பும் ஆச்சு. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

மார்ச் 8, ஞாயிறு

அருமையாகப் போகிறது. 'நாள்' என்று ஒரு கிளாஸ். அதன் பிள்ளைகள் 'வேலை நாள்', 'விடுமுறை நாள்'. பெற்றதன் குணமெல்லாம் பிள்ளைக்குத் தானாக வந்துவிடும், இன்ஹெரிட்டன்ஸ். சொத்துத் தகராறே இல்லை. 'விடுமுறை நாள்' பெற்றது 'நாத்தனார் வரும் நாள்'. மழை பெய்தால் பேருந்து தாமதம், படிப்பு நேரம் குறையும். எனவே 'மழை பெய்யும் வேலை நாள்'.

மார்ச் 11, புதன்

பதினான்கு கிளாஸ். படித்த பக்கம்: பூஜ்யம்.

மார்ச் 14, சனி

விடுமுறை. மழை. அதில் நனைந்துகொண்டே நாத்தனார். என் நிரலில் ஒரு பிள்ளைக்கு ஒரே ஒரு பெற்றோர்தான் அனுமதி. இன்று எதன் பிள்ளை? மழையினுடையதா, நாத்தனாருடையதா?

இவரிடம் கேட்டேன். "ஏங்க, மழையும் பெய்ஞ்சு உங்க தங்கச்சியும் வந்தா அது என்ன நாள்?"

"அது கெட்ட நேரம்" என்றார், செய்தித்தாளிலிருந்து தலையை எடுக்காமல். அடுத்த அறையிலிருந்து "காது கேக்குதுண்ணா" என்று குரல் வந்தது.

'மழையில் நாத்தனார் வரும் விடுமுறை நாள்' என்று இன்னொன்று எழுதிவிட்டேன். மாலையில் பல்வலி ஆரம்பித்தது. பல்வலி எல்லா வகை நாளிலும் வரக்கூடியது. ஒவ்வொன்றுக்கும் பல்வலியோடு ஒரு ஜோடி, பல்வலிக்கென்றே ஒன்று. கணக்குப் பார்த்தால் முப்பத்தொன்று.

மார்ச் 15, ஞாயிறு

நிரல் முதல்முறையாக ஓடியது! இன்று என்ன செய்ய என்று கேட்டேன். "தூங்கு" என்றது. நாத்தனார் இன்னும் போகவில்லை, ஆனால் 'நாத்தனார் வரும் நாள்' 'விடுமுறை நாள்' பெற்ற பிள்ளை அல்லவா, அதன் தூக்கமும் தானாக வந்துவிட்டது. சொன்னபடி கேட்டேன்.

எழுந்து பார்த்தால் இவர் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "ஒரு தாள்ல எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கலாம்லம்மா?"

பேச்சு வார்த்தை இல்லை.

மார்ச் 18, புதன்

படிப்பு நேரத்தை ஆறிலிருந்து ஐந்தரைக்கு மாற்ற ஒன்பது இடத்தில் திருத்த வேண்டியிருந்தது. எட்டுதான் திருத்தினேன் போலிருக்கிறது. இன்று காலை ஏழுக்கு "வணக்கம், நேற்று படிக்கலாம்" என்கிறது.

மதியம் கீழ்த்தளத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு மேசை, ஒரு நாற்காலி. விளக்கு சுவிட்ச் கதவுக்கு வெளியே. நான் உள்ளே இருப்பது தெரியாமல் காவலாளி அணைத்துவிட்டுப் போனார். "உள்ள ஆள் இருக்கேன்!" என்று கத்தினேன். தினமும் இப்படிக் கத்தணுமா நான்? நாற்பத்துமூணு வயசுல? ஒன்பது நாள்தான் இருக்கு. ஒரு பக்கம் படிக்கல. பயமா இருக்கு. யார்கிட்ட சொல்றது - சவால் வேற விட்டாச்சே.

மார்ச் 21, சனி

இவருடைய மூக்குக்கண்ணாடிக் கடையில் காத்திருந்தேன். (பேச்சு வார்த்தை வியாழனே வந்துவிட்டது. பல் டாக்டரிடம் கூட்டிப் போக ஆள் வேண்டுமே.) ஒரு பேருந்து ஓட்டுநருக்குக் கண் பரிசோதனை. மூக்கில் வட்ட வட்டமாக ஒரு வெற்றுச் சட்டத்தை மாட்டி, அதில் ஒவ்வொரு லென்ஸாகச் செருகி, எடுத்து, வேறு செருகி, "இது தெளிவா, அது தெளிவா?" என்கிறார்.

இருபது வருஷமாகப் பார்க்கிற காட்சிதான். இன்று என்னவோ கேட்டேன். "ஒவ்வொரு பவருக்கும் தனித்தனியா கண்ணாடி செஞ்சு வெச்சுக்க மாட்டீங்களா?"

"வெச்சா இந்தத் தெருவே பத்தாது. சட்டம் ஒண்ணு போதும். வேணுங்கிற லென்ஸைச் செருகிக்கிட்டா ஆச்சு."

எழுந்து நின்றுவிட்டேன். "நாத்தனார் ஒரு லென்ஸ்!"

ஓட்டுநர் சட்டத்தோடு திரும்பி என்னைப் பார்த்தார். எத்தனை பேராகத் தெரிந்தேனோ.

மழை பெய்தால் அது வேறு வகை நாள் ஆகிவிடாது. அந்த நாளில் மழை இருக்கிறது, அவ்வளவுதான். நாத்தனார் இருக்கிறாள். பல்வலி இருக்கிறது. நாள் ஒன்றேதான், மற்றதெல்லாம் அதில் செருகுவது. தலையில் அடித்துக்கொண்டேன், பல் வலித்தது.

மார்ச் 22, ஞாயிறு

முப்பத்தொன்று இப்போது ஐந்து. நேரத்தை ஓரிடத்தில் மாற்றினால் போதும். புத்தகத்தைத் திறந்தால் ஏழாம் பாடம் முழுக்க என் கதை. வாரிசாக்காதே, உள்ளே வைத்துக்கொள் என்று ஐம்பது பக்கம் சொல்லியிருக்கிறார்கள். முதலிலேயே படித்திருந்தால் புரிந்திருக்காது என்று சொல்லித் தேற்றிக்கொள்கிறேன்.

மார்ச் 26, வியாழன்

பதினோராம் பாடம் தவிர எல்லாம் ஒரு தடவை புரட்டியாயிற்று. நிரல் பிழையில் விழுந்தால் எப்படிப் பிடிப்பது என்ற பாடம் அது. விழுந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

"நாலு விடையில எது முதல்ல தெளிவா தெரியுதோ அதைச் சொல்லிடு. ரொம்ப உத்துப் பார்த்தா எல்லாமே மங்கும்" என்றார் இவர். கடையில் வருகிறவர்களிடம் சொல்வதையே என்னிடமும் சொல்கிறார்.

"உங்க தங்கச்சி மூணே நாள்ல எப்படிங்க படிச்சா?"

"மூணு நாள்தான். ஒவ்வொரு தடவையும். மூணாவது தடவைதான் பாஸானா. நான் சொன்னேன்னு சொல்லிடாதே."

இத்தனை வருஷத் தாம்பத்தியத்தில் இவர் எனக்குத் தந்த சிறந்த பரிசு இதுதான்.

மார்ச் 27, வெள்ளி

முப்பத்து நான்காம் கேள்வி: "ஒரு நிரலாளர் ஒவ்வொரு சேர்க்கைக்கும் ஒரு புதுக் கிளாஸ் எழுதுகிறார். அவர் செய்யும் தவறு என்ன?" யாரோ என் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார்கள். இதே மாதிரி ஒன்பது கேள்விகள். பதினோராம் பாடத்துக்கு எல்லாமே மூன்றாவது விடை.

தேற 65 வேண்டும். முடித்ததும் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நானும் கூடவே சுற்றினேன்.

67.

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு பார்க்கலாம் சாரிடம் போனேன். "ஜன்னல் பக்கம் இடம் கிடைக்குமா சார்?"

"பார்க்கலாம்" என்றார். அந்தச் சொல் இவ்வளவு இனிக்கும் என்று தெரியாது.

ஏப்ரல் 6, திங்கள்

நான்காம் மாடி. ஜன்னல் பக்கம் இல்லை. ஜன்னல் தெரியும் பக்கம். பரவாயில்லை.

பத்து நாளாக நாத்தனார் என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிடவில்லை. "இங்க பாருங்க" என்றே ஒப்பேற்றினாள். அவள் மூன்று தடவை தேர்வெழுதிய விஷயம் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

பதினொரு மணிக்கு என் மேசைப் பக்கம் வந்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சர்... ஒரு நிமிஷம் வர்றீங்களா? எங்கயோ ஒரு இடத்துல மாத்தினா எல்லாம் உடையுது."

போய்ப் பார்த்தேன். 'ஊழியர்'. அதன் பிள்ளை 'தற்காலிக ஊழியர்'. அதன் பிள்ளை 'இரவு வேலைத் தற்காலிக ஊழியர்'. அதன் பிள்ளை 'பிரசவ விடுப்பிலிருக்கும் இரவு வேலைத் தற்காலிக ஊழியர்'.

"மொத்தம் எத்தனை கிளாஸ்?"

"ஐம்பத்திரண்டு." கண் கலங்கியிருந்தது. "வெள்ளிக்கிழமை காட்டணும் அண்ணி."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "உங்க அண்ணன் கடையில கண் டெஸ்ட் பண்றதைப் பார்த்திருக்கியா?" என்று ஆரம்பித்தேன்.

என் முப்பத்தொன்றைப் பற்றி மூச்சு விடவில்லை.